சூசையண்ணன் கொண்டுவந்த தீர்த்தம்

சூசையண்ணன் பினாங்கில் கப்பலை விட்டு இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "இங்க தண்ணி எப்படி?" என்பதுதான். பெண் எப்படி என்று கேட்கவில்லை. இத்தனைக்கும் அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம் அவர் நாகப்பட்டினத்திலிருந்து வந்ததே என் மகள் லீனாவைத் தம் மகன் இராயப்பனுக்குப் பேசி முடிக்கத்தான்.

படத்தைப் பார்த்தே இரண்டு பக்கமும் பிடித்துப்போயிருந்தது. மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. கல்யாணத்துக்குப் பிறகு பையன் இங்கே வந்து இருப்பதா, பெண் அங்கே போவதா? என் வீட்டுக்காரர் செபாஸ்டியன் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. மாப்பிள்ளைக்கும் அங்கேயே வேலை சொல்லி வைத்திருந்தார். எனக்கு இருப்பது ஒரே பெண். அவளைக் கப்பலேற்றிவிட்டு நான் யார் முகத்தைப் பார்த்துச் சோறு தின்பது? சூசையண்ணனோ, இந்த ஊர் தம் உடம்புக்கு ஒத்துக்கொண்டால்தான் பிள்ளையை அனுப்புவேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

ஊர் டாக்டர் ஒருவர் அவருக்குப் பாடம் நடத்தி அனுப்பியிருந்தார். தீவுக்குப் போனால் பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது. ஐஸ் கூடாது. தெருவில் வெட்டிவைத்த பழம் கூடாது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா ஹாஜரா ஆசையாகக் கொடுத்தனுப்பிய சர்பத்தை மோந்துகூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பினார். நான் செம்பில் தண்ணீர் கொண்டுபோனால், கொதித்ததா, வெறுமனே சூடானதா என்று விசாரணை வேறு. எங்களுக்கு வருவது தண்ணீர்மலை அருவித் தண்ணீர். குழாயைத் திறந்தால் கண்ணாடியாய் விழும். ஆனாலும் சம்பந்தியாகப் போகிறவர் ஆயிற்றே. குடிக்க, குளிக்க, வாய் கொப்பளிக்க என்று எல்லாவற்றுக்கும் காய்ச்சினேன். அவரோடு சேர்ந்து நானும் வெந்தேன்.

இவ்வளவு செய்தும், வந்த வாரம் முடிவதற்குள் அவருக்கு வயிறு பிடுங்கிக்கொண்டது. கட்டிலுக்கும் கொல்லைக்குமாக நடந்தே ஆள் பாதியாகிவிட்டார். தீவுத் தண்ணீர் வேலையைக் காட்டிவிட்டது என்று முனகினார். மனுஷனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம், லீனா போய்விடுவாளே என்ற பயம் ஒரு பக்கம். பொய் சொல்வானேன், இரண்டாவதுதான் கூடுதல்.

மறுநாள் காலையில் கஞ்சியோடு அறைக்குள் போனேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டு, தலையணைக்கடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து இரண்டு மடக்கு குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஊர் மாதா கோயில் குளத்துத் தீர்த்தமாம். கப்பலேறும்போது சாமியார் மந்திரித்துக் கொடுத்தாராம். தினமும் ஒரு மடக்கு, வயிறு கெட்டதிலிருந்து இரண்டு. அவர் கண்ணயர்ந்ததும் பாட்டிலை எடுத்து ஜன்னலருகே தூக்கிப் பார்த்தேன். அடியில் சேறு, மேலே பாசி. தக்கையைத் திறந்தால் மீன் கழுவிய வாடை. அந்த டாக்டர் இதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார் போலும்.

தீர்த்தத்தால்தான் வயிறு கெட்டது என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் கல்யாணமே நின்றுவிடும். சாக்கடையில் கொட்டினால் எனக்குப் பாவம். மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கால் படாத இடமாகப் பார்த்து வாழை மூட்டில் ஊற்றினேன். பாட்டிலைக் கொதிநீரில் அலசி, காய்ச்சி ஆறவைத்த குழாய்த் தண்ணீரை நிரப்பித் திரும்ப வைத்துவிட்டேன். லீனா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

சூசையண்ணன் தேறிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பினாங்கு ரோட்டுக் கோயிலுக்கு நடந்தே போய்ப் பூசை கண்டு வந்தார். வந்த கையோடு எங்களைக் கூடத்தில் உட்காரவைத்துத் தீர்ப்புச் சொன்னார். இந்த ஊர்த் தண்ணீர் அவரைக் கொல்லப் பார்த்ததாம், தீர்த்தம் காப்பாற்றியதாம். ஆகையால் பிள்ளையை அனுப்ப மாட்டார், பெண்ணைத்தான் நாங்கள் அனுப்ப வேண்டும். செபாஸ்டியன் தலையாட்டப் போனார். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற மனுஷன் அவர்.

எனக்குப் பொறுக்கவில்லை. நின்றால் நிற்கட்டும் கல்யாணம் என்று வாயைத் திறந்துவிட்டேன்.

"அண்ணே, உங்க தீர்த்தம் கெட்டுப்போயிருந்துச்சு. அதை வாழைக்கு ஊத்திட்டேன். இத்தன நாளா அந்தப் பாட்டில்ல நீங்க குடிச்சது எங்க வீட்டுக் குழாத்தண்ணி. காய்ச்சுனது."

சூசையண்ணன் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். குதிக்கப் போகிறார் என்று நான் காத்திருந்தால், அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"பாத்தியாம்மா மாதாவோட வல்லமைய. உங்க ஊரு விஷத்தண்ணிகூட இந்தப் பாட்டில்ல விழுந்ததும் தீர்த்தமா மாறிடுச்சு."

உண்மையைச் சொல்லியும் தோற்றுவிட்டேன். லீனா அப்போதே கப்பலேறிவிட்டது போல் இருந்தது எனக்கு.

கதவோரம் நின்றிருந்த லீனா முன்னால் வந்தாள். சூசையண்ணன் வந்த நாளிலிருந்து அவர் கேட்டதற்கு ஆம், இல்லை என்பதற்கு மேல் அவள் பேசியதில்லை.

"அப்படின்னா அந்தப் பாட்டில இங்கயே வச்சிட்டுப் போங்க மாமா. எந்தத் தண்ணிய ஊத்துனாலும் தீர்த்தமாயிடும்லா. அவங்க வந்து குடிக்கட்டும்."

அவங்க யார் என்று சொல்லவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

சூசையண்ணன் மாட்டிக்கொண்டார். முடியாது என்றால் மாதாவின் வல்லமை போய்விடும். சரி என்றால் மகனை அனுப்பியாக வேண்டும். பாட்டிலை மடியில் வைத்து ஒரு தடவை தடவினார். பிறகு அதை எடுத்து லீனாவின் கையில் கொடுத்தார். செபாஸ்டியன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சரியான இடத்தில் தலையாட்டினார்.

இப்போது லீனாவும் மாப்பிள்ளையும் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார்கள். அப்பாவுக்குக் கொடுத்த வாக்குப்படி, மாப்பிள்ளை அந்தப் பாட்டிலில் ஊற்றாத தண்ணீரை வாயில் வைப்பதில்லை. லீனா தண்ணீரைக் காய்ச்சித்தான் ஊற்றுகிறாள். பாட்டிலுக்கு அது தெரிய வேண்டியதில்லை.