எல்லாரும் அண்ணாச்சி

முத்துராணி தன் போனில் இருக்கும் நோட்ஸ் ஆப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர்கள் பைய எழுந்து போய்விடுவார்கள். அவ்வளவு பெருமை அவளுக்கு. பாளையங்கோட்டையில் எம்.ஏ. இரண்டாம் வருடம் படிக்கிறாள். 2023 டிசம்பரில் தாமிரபரணி ஏரல் ஊருக்குள் புகுந்ததே, அந்த வெள்ளம்தான் அவளுடைய ஆய்வு. கடைக்காரர்கள், வீட்டுப் பெண்கள் என்று ஆள் ஆளாகப் பார்த்து, அவர்கள் பேச்சை போனில் பதிவு செய்வாள். பஸ்ஸில் ஏறி உட்காருவதற்குள் ஆப் அதை எழுத்தாக்கி வைத்திருக்கும். ஏரல் பேச்சுக்குக் கொஞ்சம் திணறும்தான், அதை இவள் திருத்திக்கொள்வாள். ஒவ்வொரு பேட்டிக்கும் தனிப் பக்கம், அதில் தேதி, போட்டோ, போட்டோ எடுத்த இடத்தின் மேப். நூலகத்தில் படித்த கட்டுரைகளும் செய்தித்தாள் துணுக்குகளும் அதற்குள்ளேயே. இப்படி ஒன்று கையில் இருந்தும் ஆராய்ச்சி கஷ்டம் என்று அலுத்துக்கொள்கிறவர்களைக் கண்டால் அவளுக்குக் கோபமே வரும்.

தோழி பிரிஸில்லா இன்னும் கலர் கலர் பேனாவோடு நோட்டில் எழுதுகிறவள். "ஏட்டி, ஒன் ஆப்பு சோறு போடுமா?" என்று கேட்பாள்.

"தேடித் தரும்லா. ஒன் நோட்டு தருமா?"

அந்தப் பெருமையில்தான் பேராசிரியர் பாக்கியசீலன் கைவைத்தார். முத்துராணியின் மூன்றாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு அறைக்குக் கூப்பிட்டார். வெள்ளத்தில் மனிதருக்கு மனிதர் உதவிய கதையெல்லாம் அந்த அத்தியாயத்தில்தான் இருந்தது. ஆய்வுக்கு உயிரே அதுதான்.

"நல்லா எழுதியிருக்கம்மா. ஆனா அடிக்குறிப்பு என்ன இப்படி இருக்கு? 'அண்ணாச்சி, ஏரல்.' அடுத்ததும் 'அண்ணாச்சி, ஏரல்.' எந்த அண்ணாச்சி?"

"கடைக்கார அண்ணாச்சி சார்."

"ஏரல்ல கடை வச்சிருக்கவன் அம்புட்டுப் பேரும் அண்ணாச்சிதான். சொன்னவங்க பேரும் சம்மதமும் நம்ம கையில இருக்கணும்மா. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கேன். இல்லன்னா இந்த அத்தியாயத்த எடுத்துரு."

ஆப்பின் மேல் குற்றமே கிடையாது. பெயருக்கென்று ஒரு கட்டத்தை ஒவ்வொரு பக்கத்திலும் அது காலியாக வைத்துக் காத்திருந்தது. இவள்தான் அதில் 'அண்ணாச்சி' என்று நிரப்பிக்கொண்டே போயிருந்தாள். அப்பா வயது ஆள் முன்னால் நின்றுகொண்டு 'உங்க பேரு என்ன' என்று கேட்க நம் பக்கத்தில் எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? பெண்களிடம் அந்தக் கூச்சம் இல்லை. பெயர், போன் நம்பர், மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் வரைக்கும் விசாரித்து எழுதியிருந்தாள்.

அன்று மத்தியானம் பிரிஸில்லாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நூலகத்தில் உட்கார்ந்தாள். ஆப்பிடம் பக்கங்களை மேப்பின்படி அடுக்கச் சொன்னதும், அத்தனை அண்ணாச்சிகளும் தெருவாரியாக வரிசையில் வந்து நின்றார்கள். வாழைக்காய் மண்டி, மருந்துக்கடை, ஜவுளிக்கடை என்று கடையின் போட்டோவும் பக்கத்திலேயே இருந்தது.

"எம்மாடி" என்றாள் பிரிஸில்லா. பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை முத்துராணி ஏரலுக்கு பஸ் ஏறினாள். மேப் காட்டிய கடைகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். "பேரக் கேக்கவா திருநவேலில இருந்து வந்த?" என்று சிரித்துக்கொண்டே எல்லாரும் சொன்னார்கள், சம்மதமும் கொடுத்தார்கள். மிச்சம் ஒரே ஒருவர், பாத்திரக்கடைக்காரர். அவர் சொன்னதுதான் அத்தியாயத்தின் முதல் பக்கமே. போய்ப் பார்த்தால் கடை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பூட்டியிருந்தது.

எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, அவருடைய பேச்சை இன்னொரு தடவை படிக்கலாம் என்று தேடும் இடத்தில் 'பாத்திரக்கடை' என்று தட்டினாள். இரண்டு பக்கங்கள் வந்தன.

முதலாவது அவருடையது. 'தெருவுல இடுப்பு மட்டும் தண்ணி. யாரோ ஒரு பிள்ள, கைக்கொழந்தையோட நின்னா. கொழந்தைய ஒரு அண்டாவுல வச்சு மாடிக்கு ஏத்தினேன்.'

இரண்டாவது, வேறொரு மாதம் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு ஊரில் சுடலைவடிவு என்ற பெண் சொன்னது. 'பாத்திரக்கடை மாடியில ரெண்டு நாளு இருந்தோம். எம்புள்ளைய அண்டாவுல துணி விரிச்சுப் படுக்க வச்சாவ.'

முத்துராணி இரண்டையும் மாறி மாறிப் படித்தாள். இரண்டையும் கேட்டவள் அவள், திருத்தியவளும் அவள். அவளுக்குப் புலப்படாததை அந்த ஆப் அரை நொடியில் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டது. இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ, அவன் நன்றாக இருக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னாள். டீ ஆற்றுகிறவர் திரும்பிப் பார்த்தார்.

உடனே சுடலைவடிவுக்கு போன் போட்டாள். "அக்கா, அந்தப் பாத்திரக்கடைக்காரவிய பேரு தெரியுமா?"

"பேரக் கேக்கதுக்கு நல்ல நேரம் பாத்த போ! அண்ணாச்சி, அண்ணாச்சின்னுதான் அழுதேன். படகு வந்துச்சு, எங்கள ஏத்திவிட்டாவ. பொறவு ரெண்டு தடவ தேடிப் போனேன், கடை பூட்டிக் கெடந்துச்சு. பாத்தன்னா எனக்கும் சொல்லு தாயி."

மூன்று மணிக்கு அவர் வந்து ஷட்டரைத் தூக்கினார். முத்துராணியை அடையாளம் கண்டுகொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் தயங்கித் தயங்கிப் பெயரைக் கேட்டாள். அவர் முகம் மாறிவிட்டது.

"பேரு எதுக்கு? செஞ்சதச் சொல்லிப் பேரு வாங்குத ஆளு நான் இல்ல. அன்னைக்கு என்னமோ மனசு பொறுக்காம ஒங்கிட்ட சொல்லிட்டேன். என் பேச்ச எடுத்துரு தாயி."

அவள் வாதாடவில்லை. இரண்டு பக்கங்களையும் திறந்து போனை அவர் கையில் கொடுத்தாள். "இத மட்டும் படிங்க அண்ணாச்சி. பொறவு எடுத்துருதேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். தன் பேச்சைத் தாண்டி இரண்டாவது பக்கத்துக்கு வந்தவர், அடுக்கி வைத்திருந்த குடங்களைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அந்தக் கைக்கொழந்த உசுரோட இருக்குதா?"

"பால்வாடிக்குப் போகுது அண்ணாச்சி."

"காய்ச்சல் கொதிச்சுதே அதுக்கு. படகுல ஏத்திவிட்டேன், எந்த ஊருன்னு கேக்காம விட்டுட்டேன். பொழச்சுதா இல்லியான்னு யாருட்ட போய்க் கேக்க? வேட்டிய இறுக்கிக் கட்டிட்டு நின்னேனே தவிர, ஒரு பேரு கேட்டேனா? ரெண்டு வருசமா இந்த அண்டாவப் பாக்கும்போதெல்லாம் அதே நெனப்புதான்."

முத்துராணி போனை வாங்கி, சுடலைவடிவை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள். "அக்கா, ஒங்க அண்ணாச்சி இங்கன இருக்காவ."

அந்தப் பக்கமிருந்து குரல் அழுகையும் பேச்சுமாக வந்தது.

"அண்ணாச்சி, நல்லாருக்கீயளா? எம்மவ நல்லாருக்கா. ஒங்க பேரு என்ன அண்ணாச்சி? ஒங்களுக்குன்னு வெளக்குப் போடும்போது பேரச் சொல்லி வேண்டணும்லா. பாத்திரக்கடை அண்ணாச்சி, பாத்திரக்கடை அண்ணாச்சின்னே இத்தன நாளும் சொல்லுதேன். சாமிக்கு எந்தக் கடைன்னு தெரியுமோ என்னமோ."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பாத்துரை" என்றார். "அப்பாத்துரைன்னு சொல்லி வேண்டிக்கோ தாயி."

பிறகு முத்துராணி பக்கம் திரும்பி, "நீயும் எழுதிக்கோ" என்றார்.