சாட்சிக் கையெழுத்து

ஆயிரத்து எண்ணூற்று அறுபது வெள்ளி. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் சாம்பசிவத்திடம் குகனேஸ்வரன் வாங்கிய கடன் அவ்வளவு. தேனிலவுக்கு என்று சொல்லித்தான் வாங்கினான்.

"கொழுந்து வெட்டுறவனுக்கு ஹனிமூனாம் லா! கட்டில் பத்தலையா, கடலும் வேணுமா?" என்று மண்டோர் சிரித்தார். சிரித்துக்கொண்டே எண்ணிக் கொடுத்தார். நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளவும் மறக்கவில்லை.

உண்மையை எப்படிச் சொல்லுவான்? மனைவி சுபத்ராவுக்கு ஐசி என்னும் அடையாள அட்டை கிடையாது. பிறப்புப் பத்திரம் இருந்தால்தானே ஐசி. அது இல்லாததால் தேயிலைத் தோட்டத்தில் அவள் பேர் பதியமாட்டார்கள். பக்கத்து ஊரான திரிங்காப்பில் சீனன் ஒருவனுடைய பூந்தோட்டத்தில் தினக்கூலிக்குக் குனிந்துகொண்டிருந்தாள். கோயிலில் தாலி கட்டியாகிவிட்டது. ஐசி இல்லாமல் கல்யாணத்தைப் பதிய முடியாது. பதியாத கல்யாணத்தில் பிறக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை தாயின் வழிதான் என்றார்கள். தாய்க்கே பத்திரமில்லை, பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? அவளுக்கு அப்போது மூன்று மாதம்.

அவளுடைய தாய் செல்லம் சாகும்போது சொன்னது இவ்வளவுதான்: "பினாங்குல பெத்தேன். கன்னியாஸ்திரிங்கதான் பாத்துக்கிட்டாங்க. பழைய சர்ச்சுல ஒனக்குத் தண்ணி ஊத்துனாங்க." எந்த சர்ச் என்று கேட்பதற்குள் பேச்சு நின்றுவிட்டது. பினாங்குத் தீவிலோ பழைய சர்ச்சுக்குப் பஞ்சமில்லை. ஞானஸ்நான ஏட்டில் அவள் பேர் இருந்தால் பிறப்புக்கு அதுவே ஆதாரம் என்று இருவரும் கிளம்பினார்கள்.

மற்ற புது ஜோடிகள் மணலில் காலை நீட்டிக் கிடந்தார்கள். இவர்கள் வெயிலில் படி ஏறி இறங்கினார்கள். முதல் சர்ச்சில் வெள்ளைக்காரர்கள் தூண்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஏட்டில் தேடிய பெண் உதட்டைப் பிதுக்கினாள். இரண்டாவதில் செல்லம் என்று நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பதிவும் இவள் பிறப்பதற்கு வெகுகாலம் முந்தியவை.

மூன்றாம் நாள் காலை, கையில் பஸ்ஸுக்கு மட்டும் காசு இருந்தது. சுபத்ரா கடலோரச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"இன்னைக்கும் கெடைக்கலைனா இப்படியே எறங்கிடுறேங்க."

"எறங்குனா சாவுப் பத்திரத்துக்கும் ஐசி கேப்பான். எந்திரி."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். எழுந்தாள்.

மூன்றாவது சர்ச் ஒரு சந்துக்குள் இருந்தது. நூறு வருஷத்துக்கு மேல் ஆன கட்டடம். தமிழ் உபதேசியார் ஒருவர் ஏட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, ஓரிடத்தில் விரலை வைத்தார். பிள்ளை சுபத்ரா. பிறந்த தேதி. தாய் செல்லம். தகப்பன் என்ற இடத்தில் ஒரு கோடு. சாட்சி என்ற இடத்தில் தமிழ்க் கையெழுத்து: சாம்பசிவம், லோரி டிரைவர், கேமரன்.

"இந்த ஆள் உயிரோட இருக்காராப்பா?"

"எங்க மண்டோருங்க! முந்தி லோரி ஓட்டுனவரு!" என்று குகனேஸ்வரன் கத்தியே விட்டான்.

"அப்ப கவலய விடு. ஏட்டு நகல் மட்டும் பதிவு ஆபீஸ்ல நிக்காது. அவரு வந்து சத்தியம் பண்ணிச் சொன்னா நிக்கும்."

திரும்பும் ஃபெர்ரியில் சுபத்ரா முதல் தடவையாகக் கடலை ஆசையாகப் பார்த்தாள். பிள்ளைக்குப் பேர்கூடச் சொல்லிப் பார்த்தாள்.

மறுநாள் மாலை, கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் மண்டோர் தனியாக இருந்தபோது இருவரும் போனார்கள். நகலைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"ஒங்கம்மா வாயும் வயிறுமா ரோட்டுல நின்னா. முட்டைக்கோஸ் லோரியில ஏத்திக்கிட்டுப் போய் கன்னியாஸ்திரிங்ககிட்ட விட்டேன். அடுத்த நடையில கூட்டியாரப் போனேன். கையெழுத்துக் கேட்டாங்க, போட்டேன். அவ்வளவுதான்."

"அதையே ஆபீஸ்ல வந்து சொல்லுங்க மாமா. அது போதும்," என்றாள் சுபத்ரா.

"அப்பன் பேருக்குக் கோடு, அதுக்குக் கீழ என் பேரு. யாரு நம்புவா? என் வீட்டுக்காரி நம்புவாளா? தையில மக கல்யாணத்த வெச்சிருக்கேன். சம்பந்தி வீட்டுல காறித் துப்பமாட்டான்?"

"ஒரு நாள் மாமா. எம்புள்ளைக்காக."

குகனேஸ்வரன் ஈரத் தரையில் விழுந்து அவர் காலைப் பிடித்தான். அவர் காலை இழுத்துக்கொண்டார். நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அவன் பக்கத்தைத் தேடி, அப்படியே கிழித்தார்.

"ஆயிரத்து எண்ணூத்து அறுபது. தள்ளிட்டேன். நீ தர வேணாம், நான் கேக்கமாட்டேன். அந்த ஏட்டுப் பேச்ச மட்டும் இனி எடுக்காதீங்க."

"வேணாம் மாமா! ரெண்டு மடங்காக் கட்டுறோம், அத எழுதி வைங்க! எழுதி வைங்க மாமா!" சுபத்ரா அவர் கையைப் பிடிக்கப் போனாள்.

அவர் விலகி, கிழித்த தாளைக் குகனேஸ்வரனின் சட்டைப் பையில் திணித்தார். வெளியே போய் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார். வளைவு தாண்டும்வரை சுபத்ரா பின்னாலேயே ஓடினாள்.

கடன் அத்தோடு தீர்ந்தது.