ஈயைத் தேடிப் போன கப்பல்

வரைபடத்தின்மேல் வந்து உட்கார்ந்த ஈயைப் புதிய தீவென்று நம்பி, அதைக் கைப்பற்றக் கப்பல் அனுப்பினான் ஓர் அரசன். கப்பல் கடலெல்லாம் அலைந்தது. ஈயோ அதற்குள் அரசனின் மூக்குக்கே குடிபெயர்ந்திருந்தது. பேருந்து ஓட்டுநரான அண்ணன் தன் மகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், பக்கத்திலிருக்கும் தங்கையும் சேர்ந்து சிரிப்பாள்.

அண்ணனுக்கு இரு கண்களிலும் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. விழித்திரையில் மரம்போல் கிளைத்திருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போய்க்கொண்டிருந்தன. தங்கை வேலை பார்த்த கண் மருத்துவமனையில், கண்ணுக்குள் ஊசி வழியே செலுத்தும் புதிய மருந்தொன்றைச் சோதித்துவந்தார்கள். அதில் அவனும் சேர்ந்தான்.

அவளுடைய வேலை விழித்திரைப் படங்களைக் கணினியில் அளப்பது. மென்பொருள் முதலில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, குழாய்களைக் கோடுகளாக மெலிக்கும். பிறகு அதன்மேல் கட்டங்களைப் பரப்பி, கோடு தொடும் கட்டங்களை எண்ணும். கட்டங்களைச் சிறிதாக்கி மீண்டும் எண்ணும். கட்டம் சிறுக்கச் சிறுக்க எண்ணிக்கை எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்பதைக் கொண்டு, ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஓர் எண்ணைத் தரும். அதுதான் ஃப்ராக்டல் பரிமாணம். வெறும் நேர்கோடு என்றால் ஒன்று. கிளைகள் அடர அடர எண் ஏறும். அண்ணன் வீட்டில் அதற்கு ‘மரக்கணக்கு’ என்று பெயர். அவளுக்குக் ‘கட்டக்காரி’ என்று பெயர்.

மருந்து தொடங்கியது முதல் எண் சிறிது சிறிதாக ஏறியது. ஊசி என்றாலே குலை நடுங்கும் அண்ணன், அந்த எண்ணுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணைக் காட்டினான். இஸ்திரி போட்ட சீருடைச் சட்டையைக் கதவுக் கொக்கியில் தன் பார்வைக்கு நேராக மாட்டச் சொன்னான். மரம் துளிர்த்ததும் அதைப் போட்டுக்கொண்டு வண்டியெடுப்பானாம். பார்வை மட்டும் தெளியக் காணோமே என்று அண்ணி இழுத்தபோது, கிளை விட்ட அன்றே காய் கேட்டால் மரம் என்ன செய்யும் என்று அவள் வாயை அடைத்தான்.

அடுத்த ஊசிக்கு முந்தைய நாள், அவனுடைய இரு கண்களின் படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்த தங்கை அளப்பதை நிறுத்தினாள். வலக்கண்ணும் இடக்கண்ணும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்றவை. ஒன்றில் வலப்பக்கம் கிளைப்பது மற்றதில் இடப்பக்கம் கிளைக்கும். புதிதாய் முளைத்த கிளைகளோ, இரண்டு படங்களிலும் அதே மூலையில், அதே வடிவில் இருந்தன. வேறொரு நோயாளியின் மூலப்படத்தைத் திறந்தாள். அங்கேயும் அவை இருந்தன.

கேமரா வில்லையில் படிந்த தூசி. அளப்பதற்கு முன் சிறு துகள்களை நீக்கும் கட்டளையை அவள் எல்லோருடைய படங்களுக்கும் தவறாமல் இடுவாள். அண்ணனின் படங்களுக்கு மட்டும், உயிரோடிருக்கும் இழை ஒன்றுகூட அதோடு போய்விடக் கூடாதே என்று இடாமல் விட்டிருந்தாள். தூசி சேரச் சேர மென்பொருள் அதையும் மரமென்று எண்ணியிருக்கிறது. துகள்களை நீக்கி மறுபடி அளந்தாள். முதல் ஊசிக்கு முன் இருந்ததைவிடவும் எண் கீழே கிடந்தது.

மருத்துவரிடம் போய்ச் சொன்னாள். அவர் கடிந்துகொள்ளவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஊசியை நிறுத்திவிடலாம், வேறு மருந்து கைவசம் இல்லை என்றார்.

மாலையில் அவள் வாசலில் செருப்பைக் கழற்றும் ஓசையிலேயே அண்ணன் ஆளைக் கண்டுகொண்டான்.

“வா, கட்டக்காரி. மரம் எப்படியிருக்கு?”

“துளிர்க்கல அண்ணா. எல்லாம் கேமராவுல இருந்த தூசி. நான்தான் கிளைன்னு எண்ணிட்டேன். நாளைக்கு ஊசி வேணாம்னுட்டாங்க.”

“வேற மருந்து?”

“இல்லண்ணா.”

மடியில் கிடந்த அவன் கைகள், எதையோ பற்றியிருப்பதுபோல் வளைந்து, பின் தளர்ந்தன.

“ஈயைப் பிடிக்கக் கப்பல் விட்டிருக்கோம், ரெண்டு பேரும்,” என்றான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. பிறகு அண்ணியின் குரல் வழக்கமாக வரும் திசைக்கு முகத்தைத் திருப்பினான். “அந்தச் சட்டையை எடுத்து உள்ள வச்சிரு. நாள் பூரா அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

தங்கை கதவைப் பார்த்தாள். கொக்கியில் எதுவும் இல்லை. எப்போதோ எடுத்துவிட்டிருந்த அண்ணி, அவளை நிமிர்ந்தும் பார்க்காமல் எழுந்தாள்.

“சரி, எடுத்துடறேன்,” என்று சொல்லி, வெறும் கதவை ஒருமுறை அசைத்துவிட்டு உள்ளே போனாள்.