ஜப்பான்காரி சொன்ன 'இரு'

செத்துப்போனவரோடு குடும்பம் நடத்திவிடலாம். சுவரில் ஒரு படம், அதற்கு ஒரு மாலை, கல்லறைத் திருநாள் அன்று காசிமேட்டுக் கல்லறையில் ஒரு மெழுகுவத்தி. அவ்வளவுதான். காணாமல் போனவரோடு நடத்துகிற குடும்பம் இருக்கிறதே, அது என் எதிரிக்கும் வரவேண்டாம்.

என் புருஷன் மேத்யூ சரக்குக் கப்பலில் இன்ஜினுக்கு எண்ணெய் போடுகிற வேலையில் இருந்தார். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை, கப்பலேறினார். இரண்டாயிரமாவது ஆண்டு ஜனவரியில், ஜப்பானுக்கு வடக்கே எங்கேயோ புயலில் அந்தக் கப்பல் முழுகிப்போனது. சில உடல்கள் கரை ஒதுங்கின. மேத்யூவின் உடல் அதில் இல்லை. அந்தக் குளிர்த் தண்ணீரில் விழுந்தவன் பிழைக்க வழியே இல்லை என்று கம்பெனி ஆள் வந்து சொன்னான். என் மாமியார் சிலுவையம்மாள் அவனுக்குக் காபி கலந்து கொடுத்து, "பாடியக் காட்டு நைனா, அப்பால பேசு" என்றாள். அவன் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

எங்கள் வீடு ராயபுரத்தில், அலைக்குக் கல் கொட்டியிருக்கிற பக்கம். ஒரு அறை, ஒரு அடுப்படி. அந்த ஒரே அறையில் நானும் அத்தையும் மேத்யூவின் படமும். படம் சுவரில் இல்லை, அந்தோணியார் சுரூபத்தின் காலடியில் இருந்தது. கப்பலுக்குப் போகிறவன் படத்தைச் சுரூபத்தின் காலடியில் வைப்பது எங்கள் தெரு வழக்கம். போனவன் திரும்பி வந்து தன் கையால் அதை எடுக்க வேண்டும். துறைமுகத்து நிலக்கரித் தூசி பொழுது சாய்வதற்குள் மேத்யூவின் முகத்தை மூடிவிடும். அத்தை முந்தானையால் துடைப்பாள். நான் ஒரு நாளும் துடைத்ததில்லை.

நான் பாரிமுனையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்ட். துறைமுகத்தில் சரக்கு எண்ணுகிற குமாஸ்தா வேதமாணிக்கம், காகிதங்களோடு தினமும் எங்கள் ஆபீசுக்கு வருவார். தங்கைகளைக் கட்டிக்கொடுத்து முடிப்பதற்குள் அவருக்குத் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. ஒரு நாள் என் மேஜைக்கு எதிரே நின்று, "டெபோரா, நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டார். ஊரில் உள்ள சினிமா எல்லாம் பார்க்கிற மனுஷனுக்கு இதைவிட நல்ல வசனம் கிடைக்கவில்லையா என்று மனதுக்குள் திட்டினேன். அன்று முழுக்க டைப் அடித்ததெல்லாம் தப்பு.

மறுகல்யாணத்துக்கு அனுமதி கேட்டுப் பங்குச் சாமியாரிடம் போனேன். பிஷப் ஹவுஸில் முதலில் பெற்ற தாயைத்தான் கேட்பார்கள் என்றார். "உங்க அத்தை வந்து, 'என் மகன் இல்லை'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும்மா. மீதிய நான் பாத்துக்கறேன்."

ஒரே வார்த்தை. 'இல்லை.' கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன், சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன். அத்தை எதற்கும் வாயே திறப்பதில்லை. காலம் பூரா மீன் விற்ற வாய் அது, கடற்கரை முழுக்கக் கேட்கும். இதற்கு மட்டும் பூட்டிக்கொள்ளும்.

இப்படியிருக்கையில்தான், இரண்டாயிரத்து மூன்று அக்டோபரில் ஜப்பான் படவிழா வந்தது. டில்லி, கல்கத்தா என்று படப்பெட்டிகளோடு ஊர் ஊராகச் சுற்றிவிட்டு எழும்பூரில் ஒரு அரங்கில் ஒரு வாரம் தங்கியது. வேதமாணிக்கம் ஒரு ஃபிலிம் சொசைட்டியில் உறுப்பினர். எனக்கும் ஒரு பாஸ் வாங்கித் தந்தார். வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

ஜப்பான் என்றால் எனக்கு என் புருஷனை விழுங்கின தண்ணீர். வேறு ஒன்றும் தெரியாது. கோபத்தோடுதான் போய் உட்கார்ந்தேன். முதல் படத்தில் ஒருவன் முள்ளங்கி நறுக்கினான். நறுக்கினான், நறுக்கிக்கொண்டே இருந்தான். நம் ஊர்ப் படமாக இருந்தால் அதற்குள் இரண்டு பாட்டும் ஒரு சண்டையும் முடிந்திருக்கும். பிறகு அவன் சூப்பைக் கொதிக்கவைத்து, கோபித்துக்கொண்டு போன பெண்டாட்டிக்கு ஒரு கிண்ணம் எடுத்து மூடி வைத்தான். அவள் வரவில்லை. ஆறிப்போன சூப்பை அவனே குடித்தான். அவ்வளவுதான் கதை. விளக்கு எரிந்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் ஒரு சிரிப்புப் படம். வெந்நீர்த் தொட்டியில் யார் முதலில் குளிப்பது என்று மூன்று அண்ணன் தம்பிகள் அடித்துக்கொள்கிறார்கள். எங்கள் தெருக்குழாயடியில் தண்ணீர் லாரி வந்தால் நடப்பதுதான், கிமோனோ மட்டும் வேறு. வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்படிச் சிரித்து எத்தனையோ காலமாகியிருந்தது. இருட்டில் யாரும் என் முகத்தைப் பார்த்து, இவள் ஏன் சிரிக்கிறாள், இவள் ஏன் அழவில்லை என்று கணக்குப் போடவில்லை. எனக்குப் பிடித்திருந்தது. அந்தக் கடல் என்ன செய்திருந்தாலும் அந்த ஜனங்களை எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் படத்தில்தான் மாட்டிக்கொண்டேன். கடலோரக் கிராமம். ஒரு தாய். மகன் போன படகு திரும்பவில்லை. அவள் ஊரெல்லாம் கதவு கதவாகத் தட்டிக் கேட்கிறாள். பனி கொட்டுகிறது, உருகுகிறது, அவள் கேட்பதை நிறுத்தவில்லை. கடைசியில் ஒரு விடியற்காலை, மகனுடைய படத்தை எடுத்து வீட்டுக்குள் இருக்கிற சின்ன மாடத்தில் வைக்கிறாள். ஊதுவத்தி ஏற்றுகிறாள். கிண்ணம் மாதிரி ஒரு மணியை மெல்லத் தட்டுகிறாள். கீழே ஆங்கிலத்தில் எழுத்து வருகிறது: இனி அவன் இங்கே இருக்கிறான்.

"செத்தவங்களைத்தான் அந்த மாடத்துல வெப்பாங்க. அவன் போயிட்டான்னு அந்தம்மா ஒத்துக்கிட்டாங்க" என்றார் வேதமாணிக்கம். நான் அழுதுகொண்டே, இந்தப் படம் மறுபடி எப்போது என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்றார்.

ஞாயிறு பூசை முடிந்ததும், மேத்யூ போன ஊரைப் படத்தில் காட்டுகிறார்கள் என்று சொல்லி அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் ஆயிரம் சொல்லிக் கேட்காதவள், இன்னொரு தாய் செய்வதைப் பார்த்தால் கேட்பாள் என்பது என் கணக்கு. அத்தை திருநாளுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அரங்குக்குள் நுழைந்ததும், "இன்னாமே இது, ஐஸ் பொட்டியாட்டம் கீது" என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

படம் தொடங்கியதும் எழுத்தைப் படித்துப் படித்து அவள் காதில் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். கொஞ்ச நேரத்தில் என் முகத்தைக் கையால் தள்ளிவிட்டாள். "காதாண்ட தொணதொணங்காத. எனுக்குப் புரியுது."

திரையில் அந்தத் தாய் ஒரு கதவைத் தட்டினாள். "இரு?" என்று கேட்டாள். அடுத்த கதவு. "இரு?" அதற்கடுத்த கதவு. "இரு?" முதல் தடவை பார்த்தபோது நான் எழுத்தை மட்டும் படித்தேன். 'இருக்கிறீர்களா' என்று எழுத்து வந்தது, விட்டுவிட்டேன். இப்போது அத்தையின் உதடு அசைவதைப் பார்த்த பிறகுதான் அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. அத்தைக்கு அது தமிழ்.

கடைசிக் காட்சி வந்தது. அந்தத் தாய் மகனுடைய படத்தை எடுத்து மாடத்தில் வைத்தாள். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேதமாணிக்கத்துக்கு அது செத்தவர்கள் மாடம். எங்கள் தெருக்காரிக்கு அது சுரூபத்தின் காலடி. மகன் வந்து தன் கையால் எடுக்க வேண்டிய படம். இந்த வழக்கத்தோடு ஒரே அறையில் இத்தனை வருஷம் படுத்து எழுந்த எனக்கு, அது ஞாபகம் வராமல் போனதே! திரையில் அவள் மணியைத் தட்டிவிட்டு, "கொகொ நி இரு", இங்கே இருக்கிறான், என்றாள். விளக்கு எரிந்தது. அத்தையின் முகம் முழுக்கக் கண்ணீர். ஆனால் துக்கம் இல்லை. அப்படி ஒரு வெளிச்சத்தை அந்த முகத்தில் நான் கல்யாணத்தன்றுதான் பார்த்திருந்தேன்.

வாசலில், விழாவோடு வந்த ஜப்பான்காரப் பெண் ஒருத்தி, போகிறவர்களையெல்லாம் குனிந்து வணங்கி அனுப்பிக்கொண்டிருந்தாள். அத்தை நேரே அவளிடம் போனாள். சுருக்குப் பையிலிருந்து மேத்யூவின் சின்ன போட்டோவை எடுத்து நீட்டி, "இரு?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் திகைத்தாள். போட்டோவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, அதையும் அத்தையின் நனைந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண்ணும் கலங்கியது. "ஹாய், ஹாய்" என்று தலையாட்டினாள். அவர்கள் பாஷையில் அது 'ஆமாம்'. பிறகு தன் நெஞ்சின் மேல் கையை வைத்து, மெதுவாக, "இரு" என்றாள்.

"ஐயோ, ஆறுதல் சொல்லுது அந்தப் பொண்ணு" என்றார், பின்வரிசையில் படம் பார்த்துவிட்டு எங்கள் பின்னாலேயே வந்த வேதமாணிக்கம். அவர் முகம் செத்துப்போயிருந்தது. "நெஞ்சுக்குள்ள இருக்கார்னு சொல்லுது. செத்தவங்களுக்குச் சொல்றது அது. டெபோரா, உங்க அத்தைகிட்டச் சொல்லுங்க."

சொன்னேன். எழும்பூரிலிருந்து பீச் வரை மின்சார ரயிலில் சொல்லிக்கொண்டே வந்தேன். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். கடைசியில் எனக்குப் பொறுக்கவில்லை. பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்க, "உங்க புள்ள செத்துட்டாரு அத்த! செத்து மீன் தின்னாச்சு!" என்று கத்தினேன்.

அத்தை கோபப்படவில்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"உனுக்கு எயுத்து தெரியும். எனுக்குக் காது கீது. அவங்க ஊரு கடலு, அவங்களுக்குத் தெரியாதா? போட்டோவப் பாத்துட்டுத்தானேமே சொன்னா?" ஜன்னலை விட்டு என் பக்கம் நன்றாகத் திரும்பிக்கொண்டாள். "உனுக்கு ஒண்ணு சொல்லட்டா? அந்த ஆளு உன்னக் கேட்டது எனுக்குத் தெரியும். நல்ல மாரிதான் கீறான். வயசுப் பொண்ண எத்தினி நாளிக்கு வூட்ல கட்டிவெச்சிகினு கீறதுன்னு, இந்த வாரம் சாமியாராண்ட வந்து அந்த வார்த்தைய சொல்லிட்லாம்னுதான் இருந்தேன். நேத்து ராவுகூட அந்தோணியாராண்ட மன்னிப்புக் கேட்டுகினு படுத்தேன். நல்ல வேள, இன்னிக்கு நீயே இட்டாந்து காட்டினே." என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "இரும்மா. இத்தினி நாள் இருந்தே. இன்னும் கொஞ்ச நாள் இரு."

பீச்சில் வண்டி மாறியதும், ராயபுரத்தில் அது நின்றதும் எனக்குத் தெரியவில்லை. அத்தைதான் என்னை எழுப்பி இறக்கினாள்.

அந்த வாரமே அவள் சாமியாரைப் போய்ப் பார்த்தாள். "என் புள்ள கீறான் ஃபாதர், ஜப்பான்காரியே சொல்லிட்டா" என்று சொல்லி, நன்றிப் பூசைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். பூசையில், கடல் கடந்து வேலை செய்யும் சகோதரர் மேத்யூவுக்காக ஜெபித்தார்கள். முதல் வரிசையில் முக்காடு போட்டுக்கொண்டு நானும் முழங்காலில் இருந்தேன்.

வேதமாணிக்கம் தவக்காலம் முடியும் வரை காத்திருந்தார். ஈஸ்டருக்குப் பிறகு அவருக்குத் தூத்துக்குடியில் கல்யாணம். அவரைக் குறை சொல்லக் கூடாது. சொல்ல வாய் வரும்போதெல்லாம் அடக்கிக்கொள்கிறேன், சில நாள் முடிவதில்லை.

அடுத்த அக்டோபரில் படவிழா மறுபடி வந்தது. எனக்கு முன்னால் அத்தை சேலை கட்டிக்கொண்டு நின்றாள். "வாமே, வேற எதுனா சேதி சொல்றாங்களா கேட்டுகினு வரலாம்" என்றாள். அரங்க வாசலில் வேதமாணிக்கம் பாஸ் கிழித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, ஐந்து மாதக் கர்ப்பம். அவர் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஜப்பான்காரப் பெண் இந்த வருஷம் வரவில்லை.

விளக்கு அணைந்தது. திரையில் மழை. நனைந்து வந்த ஒருவன் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினான்.

"இரு?" என்றான்.

"கீறான்" என்றாள் அத்தை, அரங்கம் முழுக்கக் கேட்க. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். திரையில் கதவு திறந்தது. ஒரு பெண் எட்டிப் பார்த்து ஏதோ சொன்னாள். கீழே எழுத்து வந்தது: இல்லை. அவர் இனி வரமாட்டார்.

அத்தை என் பக்கம் சாய்ந்தாள். "இன்னாமே சொல்றா அவ?"

எழுத்து திரையை விட்டுப் போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருக்கச் சொல்றாங்க அத்த" என்றேன்.