மாலை இல்லாத மாதம்

மானகிரிப் பக்கம் பழைய செட்டியார் வீடு ஒன்றை விடுதியாக்கி நடத்துகிறார்கள். அங்கே பாரில் பரிமாறுகிறவர் மருதுபாண்டி. இருபது வருஷ சர்வீஸ். குடியையே தொடாத யோக்கியர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் வெர்னர் நீட்டிய கிளாஸை மட்டும் ஏழு வருஷமும் வேண்டாமென்று தள்ளினார்.

வெர்னர் ஜெர்மனிக்காரர். மனைவி ஹில்டாவோடு தவறாமல் தை மாதம் வருவார். பெட்டியில் துணிகளுக்கு நடுவே அவர் ஊர்க் கோதுமை பீர் இரண்டு பாட்டில் இருக்கும். முதல் வருஷம் மருதுபாண்டி தன் கைவரிசையைக் காட்டினார். உயரமான கிளாஸைச் சாய்த்துப் பிடித்துத் தெளிவாக ஊற்றினார். அடியில் கலங்கலாக நின்றதைப் பாட்டிலோடு குப்பைக்கு எடுத்துப் போனார். விருந்தாளிக்கு ரசம் ஊற்றினால்கூடத் தெளிவைத்தானே ஊற்றுகிறோம்? மண்டியை ஊற்றினால் அது என்ன மரியாதை?

வெர்னர் ஓடிவந்து பாட்டிலைப் பிடுங்கினார். ஒரு சுழற்றுச் சுழற்றி, மிச்சத்தை நுரையின் மேலேயே கவிழ்த்தார். பீர் கலங்கியது, வாழைப்பழமும் கிராம்புமாக வாசனை எழும்பியது. இந்தக் கலங்கலுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டார்.

"மண்டிங்கய்யா."

அன்றிலிருந்து வெர்னருக்குத் தெரிந்த ஒரே தமிழ் அதுதான். முற்றத்தைத் தாண்டும்போதெல்லாம் "மண்டி, மருது!" என்று கூவுவார். வீடே அதிரும்.

இரண்டாவது பாட்டில் எப்போதும் மருதுவுக்கு. மருது கழுத்தைத் தொட்டுக் காட்டுவார். தைப்பூசத்துக்குக் குன்றக்குடிக்குக் காவடி எடுப்பவர். மார்கழியிலேயே மாலை போட்டுவிடுவார். "முருகன் விடமாட்டாருங்கய்யா. அடுத்த தடவை வாரீகள்ல, அப்பப் பாப்போம்." அடுத்த தடவையும் தை மாதந்தானே வருவார்! இது இருவருக்குமே உறைக்கவில்லை, பாருங்கள்.

அப்புறம் மூன்று வருஷம் ஆளையே காணோம். இந்த ஆவணியில் ஹில்டா மட்டும் காரிலிருந்து இறங்கினார். மருது காருக்குள் எட்டிப் பார்த்தார். வெர்னர் போன வருஷம் தவறிவிட்டார் என்று ஹில்டா ஆங்கிலத்தில் சொன்னார். 'வேற மாசம் வாங்கய்யா' என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே என்று மருதுவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அவருக்குத் தெரிந்த ஆங்கிலமும் அந்நேரம் காலை வாரிவிட்டது.

"இந்தப் புழுக்கத்துல ஏன் வந்தீகம்மா? தையில வந்திருக்கலாம்ல?"

வருஷாவருஷம் கேட்டுப் பழகிய 'தை' என்ற சொல் மட்டும் ஹில்டாவுக்குப் புரிந்தது. பெட்டியைத் திறந்து ஒரே ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"வெர்னர்தான் சொன்னார், தையில் போகாதே என்று. மருதுவின் கழுத்தில் மாலை இல்லாத மாதமாகப் பார்த்துப் போகச் சொன்னார்."

மருது இரண்டு கிளாஸை நீரில் நனைத்து எடுத்து, சாய்த்து, நிதானமாக ஊற்றினார். நுரை ஏறியது. அடியில் மண்டி நின்றதும் பாட்டிலைச் சுழற்றி, ஹில்டாவின் கிளாஸ் பக்கம் கொண்டுபோனார். ஹில்டா தன் கிளாஸைக் கையால் மூடிக்கொண்டார்.

"மண்டி, மருது," என்றார்.

மருது தன் கிளாஸிலேயே அதை ஊற்றிக்கொண்டார். பழக்கதோஷத்தில் கை கழுத்துக்குப் போனது, அங்கே ஒன்றுமில்லை. ஏழு வருஷமாக வாசனையாக மட்டுமே தெரிந்திருந்தது முதன்முதலாக நாக்கில் பட்டது. மீசையில் ஒட்டிய நுரையைக்கூடத் துடைக்காமல் அழுதார்.

நன்றாக இருக்கிறதா என்று ஹில்டா கேட்டார்.

"நல்லாருக்குங்கய்யா," என்றார் மருது.