பதினான்காவது மூட்டு

1

இந்தக் கதை ஒரு நல்ல வாக்கியத்திலிருந்து பிறந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. அந்த மரியாதை அதற்குக் கிடையாது. ஏன் என்று மூன்றாம் பகுதியில் சொல்கிறேன். (இங்கேயே சொல்லலாம். நான்கு வரைவுகளாகத் தள்ளிக்கொண்டே வருகிறேன்.)

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "சகலைக்கு எப்போதுமே கவனம் போதாது, அன்றைக்கும்"

அடித்துவிட்டேன். பொய்.

2

சகலை என் மனைவியின் தங்கை கணவர். லிஃப்ட் பழுது பார்ப்பவர். எங்கள் மீன் தொட்டிக்குக் குழாய் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை ரம்பத்தோடு வந்தார். தொட்டியின் அடியில் ஒரு துளை. குழாய் அதிலிருந்து அலமாரிக்குள் இறங்கி, வடிகட்டிக்கும் பம்புக்கும் போய், மறுபடி மேலே ஏற வேண்டும். மொத்தம் பதினேழு மூட்டுகள்; குழாய் வளைகிற இடங்களில் எல்போ.

எல்லாவற்றையும் முதலில் பசையில்லாமல் பொருத்திப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றி, பசை தடவி, செருகி, கால் சுற்றுத் திருப்பி, முப்பது எண்ணும்வரை பிடித்துக்கொண்டார்.

"விட்டா வெளிய தள்ளிக்கும் சகலை. நம்ம மாமனார் வீட்டு மாப்பிள்ளைங்க மாதிரி, ஒட்டுற வரைக்கும் புடிச்சு வெக்கணும்."

(இங்கே பசையின் நெடியை ஒரு பத்தி வர்ணித்திருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. நேரம் கடத்த எழுதியது என்பதால் நீக்கினேன்.)

3

பதிமூன்று முடிந்ததும் வேலை இடத்திலிருந்து அவருக்குப் போன் வந்தது. "இந்த எல்போவ மட்டும் நீங்க ஒட்டிருங்க" என்று வெளியே போனார். கழற்றுவதற்குக் கை வைத்தேன். அப்போதுதான் அந்த வாக்கியம் வந்தது. மறந்துவிடுமே என்று பசை டப்பாவை மூடிவிட்டு, அடுத்த அறைக்குப் போய் எழுதி வைத்தேன். திரும்பி வந்தபோது சகலை பதினைந்தாவதில் இருந்தார்.

"ஆச்சா?"

"ஆச்சு."

என் தலையில் ஆகியிருந்தது வாக்கியம் மட்டும்தான்.

4

பசையில்லாமலே அந்த மூட்டு பதினோரு நாள் தாங்கியது. பன்னிரண்டாம் நாள், வீட்டில் யாரும் இல்லாத பகலில், கழன்றுகொண்டது. தொட்டித் தண்ணீர் முழுக்க வடிந்து, ஒன்பது மீன்களும் செத்துப்போயின.

சகலை அந்த எல்போவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே பசையின் சுவடே இல்லை.

"உங்ககிட்ட குடுத்தது இதா, பக்கத்துல இருக்கிறதா?"

"பக்கத்துல இருக்கிறது."

"அப்ப நான்தான் விட்டுட்டேன்."

"விடுங்க, யாருக்கும் நடக்கிறதுதானே" என்று அவரை மன்னித்தேன். ஆமாம், நான் அவரை. எழுதும்போதே முகம் சுடுகிறது. எனக்குப் பெரிய மனசு என்று மாமியார் சொன்னார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மாமனார் சும்மா விடவில்லை. "இனிமே இவர் பாத்த லிஃப்டுல நான் ஏற மாட்டேன்பா. படி இருக்கு." எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

போன வாரம் மைத்துனி வந்திருந்தாள். "வேலைய முடிச்சிட்டு வீட்டுக்கு வந்தவர், மறுபடியும் அங்கயே போறார் அத்தான். ஒரே நட்ட நாலு தடவ தொட்டுப் பாக்குறாராம். கூட இருக்கிறவங்க கேலி பண்றாங்களாம். என் கைய நம்ப முடியலங்கிறார்."

"காப்பி ஆறுது" என்றேன்.

5

முடிவுகள். ஒன்றில் குடும்பமே கூடியிருக்க ஒப்புக்கொள்கிறேன். அதில் நான் ரொம்ப அழகாகப் பேசுவதால் நம்ப முடியவில்லை. இன்னொன்றில் அவரே கண்டுபிடித்துச் சிரித்துவிடுகிறார். அவரை அவ்வளவு நல்லவராக எழுதியது என் வசதிக்காக.

மனைவியிடம் படித்துக் காட்டினேன். "ஊருக்கே சொல்றீங்க. அவருக்கு ஒரு போன் போட முடியலயா?" என்றாள். அதையும் குறித்துக்கொண்டேன்.

சகலை கதை படிக்க மாட்டார். அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதினேன். ஆகவே முடிவு உங்கள் கையில். எங்கேயாவது லிஃப்டைச் சரிசெய்துவிட்டுப் போனவர் திரும்பி வந்து, இறுகிய நட்டையே மறுபடி தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால், அவரிடம் சொல்லிவிடுங்கள்: அந்த எல்போ நீங்கள் விட்டது இல்லை.

யார் சொன்னது என்று கேட்பார். கேட்டால், தயவுசெய்து என் பெயரை மட்டும்...