ஓர் அறிவுரைக்கு ஐம்பது கிராம்

சலவை நிலையத்தில் அழுக்குத் துணியை எடைபோட்டு வாங்குகிறவளின் எட்டு வயது மகள், ஒரு புதன்கிழமை காலை பத்து மணியிலிருந்து பகல் ஒரு மணிக்குள், தண்ணீர்கூடக் குடிக்காமல் மூன்றே கால் கிலோ கூடினாள். அன்று பள்ளி விடுமுறை. பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் தாய் அவளை வேலைக்குக் கூட்டி வந்து, நாற்காலி இல்லாத அந்தக் கூடத்தில் மேடைத் தராசின் மேல் உட்கார வைத்திருந்தாள். துணி போட வந்தவர்கள் பிள்ளையைப் பார்த்தார்கள், தாயைப் பார்த்தார்கள், ஆளுக்கொன்று சொன்னார்கள். சொல்லச் சொல்ல முள் நகர்ந்தது. பதினெட்டு வருடம் எடைபோட்ட கை. தராசை அவள் சந்தேகப்படவே இல்லை. சாயங்காலத்துக்குள் விலைப்பட்டியல் மாதிரி விவரம் பிடிபட்டுவிட்டது. சாதாரண அறிவுரைக்கு ஐம்பது கிராம். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று ஆரம்பித்தால் இருநூறு. போனில் படித்ததாகச் சொன்னால் அரைக் கிலோ. உச்சுக் கொட்டிவிட்டுப் பேசாமல் போகிறவர்களுக்கும் பத்துப் பதினைந்து கிராம் உண்டு.

பிறந்தபோது இதே பிள்ளை ஒரு கிலோ எழுநூறுதான். ஒன்பதாம் மாதம் வரை தாய் சலவை நிலையத்தின் நீராவியில் நின்றுகொண்டே வேலை பார்த்ததையும், மத்தியானச் சாப்பாட்டை ஐந்து மணிக்குச் சாப்பிட்டதையும் யாரும் பேசவில்லை. ஊட்டு, ஊட்டு என்றார்கள். நாற்பதாம் நாள் அவள் வேலைக்குத் திரும்பியதும் தாய்ப்பால் போய் டப்பாப்பால் வந்தது. தெருவே முறை வைத்து ஊட்டியது. பதினொன்றாம் மாதம் கொழுகொழு குழந்தைப் போட்டியில் முதல் பரிசு. அந்தக் கோப்பையை வீட்டுக்குக் கொண்டுவர நான்கு பேர் தேவைப்பட்டார்கள். பிள்ளை ஓட ஆரம்பித்த வருடம், பள்ளியை ஒட்டிய மைதானத்தில் கார்களை நிறுத்திக் கேட்டைப் பூட்டினார்கள். தாய் திரும்பும்வரை கதவைச் சாத்திக்கொண்டு டிவி பார்ப்பது பழக்கமானது. லாரி ஓட்டும் தகப்பன் மாதத்தில் இரண்டு தடவை வருவான். வராத நாளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வீதம் மூட்டையாக இறக்கிவிட்டுப் போவான். இத்தனைக்கும் கூடவே இருந்த தெருதான் இப்போது தாயை நிறுத்தி வைத்து யோசனை சொன்னது.

யோசனை சொல்வதோடு போயிருந்தால் பரவாயில்லை. பள்ளியில் மூன்றாம் வகுப்பு மூன்றாவது மாடியில் இருந்தது. மரப்படி நாற்பத்தைந்து கிலோவுக்கு மேல் தாங்காது என்று தலைமையாசிரியை எங்கோ கேள்விப்பட்டு விதி போட்டிருந்தாள். ஆசிரியைகள் எப்படி ஏறினார்கள் என்று கேட்கக் கூடாது, விதி பிள்ளைகளுக்கு. எடை மீறினால் கீழே ஸ்டோர் ரூமில், உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். திங்கட்கிழமை எடை பார்க்கும் நாள். புதன் சாயங்காலம் பிள்ளை நாற்பத்து நாலே கால்.

"அம்மா, அங்க என்னால தனியா இருக்க முடியாது. அந்த ரூம்ல பல்லிகூட இருக்காது" என்றாள்.

தாய் ஓர் அட்டையில் 'அறிவுரை வேண்டாம்' என்று எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடமாடினாள். எதிர்ப்பட்டவர்கள் நின்று படித்தார்கள். அட்டையை இன்னும் கொஞ்சம் பணிவாக எழுதியிருக்கலாம் என்றார்கள். ஐம்பது, ஐம்பது, ஐம்பது. சனிக்கிழமை கணவனின் அக்கா வந்தாள்.

"எங்க காலத்துல நாங்கல்லாம் ஓடியாடி வளர்ந்தோம். நீ புள்ளைய ஓட விடணும்."

"எங்க ஓடச் சொல்றீங்க அண்ணி? கார் மேலயா?"

"ஒண்ணு சொன்னா எதிர்த்துப் பேசாத. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இருநூறு.

திங்கட்கிழமை தாயும் கூடவே நிற்க, பள்ளி நர்ஸ் எடை பார்த்தபோது முள் நாற்பத்து நான்கு தொள்ளாயிரத்தில் நின்றது. எழுதப் பேனாவை எடுத்தாள். பக்கத்தில் நின்ற தலைமையாசிரியைக்கு வாய் சும்மா இருக்கவில்லை. தாயின் நல்லதுக்குத்தான் சொல்வதாக ஆரம்பித்து, இனிப்பை நிறுத்தச் சொன்னாள். நாற்பத்தைந்து நூறு.

"மேடம், நீங்க வாயத் தொறக்காம இருந்திருந்தா இந்நேரம் என் பொண்ணு மாடியில இருந்திருப்பா" என்றாள் தாய்.

பிள்ளை புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போனாள். தலைமையாசிரியையோ, ஒரு சலவைக்காரி தன்னை எதிர்த்துப் பேசிவிட்டாள் என்ற ஆத்திரத்தில், பெற்றோருக்கெல்லாம் புத்தி வரட்டும் என்று பதினான்கு பக்கச் சுற்றறிக்கை அச்சடித்து, வகுப்பின் முப்பத்தேழு வீடுகளுக்கும் அனுப்பினாள். தொண்ணூற்றாறு அறிவுரைகள், அத்தனையும் தடித்த எழுத்தில். அச்சில் வந்தால் எடை ஐந்து மடங்கு என்பது அவளுக்குத் தெரிய வழியில்லை. புதன்கிழமை தாய்மார்கள் படித்து முடித்தார்கள். வியாழக்கிழமை காலை மூன்றாம் வகுப்பில் நாற்பத்தைந்துக்குக் குறைந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. ஊதினால் பறக்கிற மாதிரி இருந்த ஒருத்தி சீருடையின் பொத்தான்களைக் கையில் பொறுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

விதி விதிதான். எல்லோரும் கீழே வந்தார்கள். ஸ்டோர் ரூம் நான்கு பேருக்கே போதவில்லை. வேறு இடமில்லாததால் மைதானத்துப் பூட்டை உடைத்தார்கள். கார்க்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தார்கள். கரும்பலகையை மதிலில் சாய்த்தார்கள். முதல் இடைவேளை மணி அடித்ததும் முப்பத்தேழு பேரும் ஓடினார்கள். தரை அதிர்ந்ததில் மூன்றாவது மாடியில் சாக்பீஸ் டப்பா விழுந்தது. சலவைக்காரி மகள் எல்லோருக்கும் கடைசியாக ஓடினாள், ஆனால் தனியாக இல்லை.

அதன் பிறகு எடை குறைந்ததா என்றால், குறைந்தது; யாரும் அதைக் கவனித்துப் பேசாத நாட்களில் மட்டும். வகுப்பு இன்றும் மைதானத்தில்தான் நடக்கிறது. தெருக்காரர்கள் பழகிவிட்டார்கள். பிள்ளையோடு வருகிற தாயைக் கண்டால் மழை வருமா என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சொல்லாமல் இருக்கவே முடியாத அண்ணிக்கு மட்டும், ஸ்கிப்பிங் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துச் சுற்றுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். மூச்சு வாங்குவதில் அவளுக்குப் பேச வருவதில்லை.